உறுதிப்பூசுதலுக்குப் பின்: மாத்தளைப் பங்குகளில் இளையோர் பணி

நூற்றாண்டு மலர் ஒன்றில் பாடசாலையின் தோற்றம், அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் என்பன முதலிடம் பெறுவது முறையே. அவற்றை எழுதத் தகுந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது, பாடசாலை பூட்டிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களில் சிலருக்குக் கிடைத்த இன்னொரு கல்வியின் வரலாறு. மாத்தளை மாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் பதின்ம வயதினரையும் இளைஞர் யுவதிகளையும் ஒன்றுகூட்டி நடந்துவரும் இளையோர் பணியே அது.

கத்தோலிக்கரல்லாத தோழிகளுக்காக ஒரு சிறு விளக்கம். பங்கு என்பது ஒரு கோவிலையும் அதனைச் சூழ்ந்த குடும்பங்களையும் ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் வைக்கும் அமைப்பு. கத்தோலிக்கப் பிள்ளை கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெறும். ஏழெட்டு வயதில் முதல் நன்மை வாங்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் ஆயரின் கையால் உறுதிப்பூசுதல் பெறும். அதன் பின் அந்தப் பிள்ளை வெள்ளை உடுத்தி, மாலை போட்டுக் கோவிலுக்குள் வருவது பெரும்பாலும் திருமண நாளில்தான். இடையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அந்தப் பிள்ளையைத் தேடுவார் யார், அதன் கையில் என்ன பொறுப்பைக் கொடுப்பார் என்பதே இளையோர் பணியின் கேள்வி. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இக்கேள்விக்கு ஒரே விடை கிடைத்ததில்லை. மகளிர் பாடசாலை ஒன்றின் மலருக்கு இது உரிய பொருளாவதும் அதனாலேயே.

குருவானவர் இல்லாத ஞாயிறுகள்

இம்மாவட்டத்துக் கத்தோலிக்கரின் பழைய வேர் கலேவெலைப் பக்கத்திலுள்ள வகாகோட்டையில் இருக்கிறது. போர்த்துக்கேயர் வழிவந்தோர் கண்டி மன்னரின் ஆட்சிப்பரப்பில் குடியமர்ந்த ஊர் இது என்பது மரபு. அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலம் இன்றும் பல மதத்தவரும் நேர்த்தி வைக்கும் இடம். கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த காலத்தில், கத்தோலிக்கருக்கு ஒதுங்க இடம் தந்தது கண்டி இராச்சியமே.

கோவாவிலிருந்து 1687 இல் மாறுவேடத்தில் இலங்கை வந்த யோசப் வாஸ் அடிகளார், 1692 இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டு ஓடியபோது, அவரும் மருமகன் முறையான கர்வாலியோ அடிகளாரும் அவர்களைப் பராமரித்தார்கள். இறந்தோரை அடக்கம் செய்தார்கள். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் நன்மதிப்பு அவர்களுக்கு உறுதியானது அதன் பின்னரே.

நமது பொருளுக்கு முக்கியமானது வாஸ் அடிகளார் ஏற்படுத்திய இன்னோர் ஒழுங்கு. தீவு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களே இருந்தனர். ஆகவே ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்து, குருவானவர் இல்லாத ஞாயிறுகளில் செபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கவும், சாகக்கிடப்போர் அருகில் இருக்கவும் அவர்களிடம் பொறுப்பு விடப்பட்டது. எழுத வாசிக்கத் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரே ஒரு கிராமத்தின் சமய வாழ்வைத் தாங்கினார். குருவானவர் வந்துதான் எல்லாம் நடக்கவேண்டும் என்றிருந்தால், வகாகோட்டை போன்ற ஊர்களில் விசுவாசம் ஒரு தலைமுறைகூடத் தாண்டியிராது. பொறுப்பைக் கொடுத்தால் மக்கள் நிற்பார்கள் என்ற இந்தப் பழைய பாடத்தைப் பிற்காலத்து இளையோர் பணி சில வேளை நினைவில் வைத்தது. பல வேளை மறந்தது.

தோட்டமும் கோவிலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, திருச்சி, மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைத் தாண்டி நடந்தே மாத்தளையை அடைந்தார்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியில் மடிந்தோர் பலர். தப்பி வந்தோர் காலாறிய முதல் மலைநாட்டு நகரம் மாத்தளை. அவர்களுள் ஒரு சிறு பகுதியினர் கத்தோலிக்கர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்பு தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. 1880 இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. ரத்தோட்டை, கம்மடுவை, எல்கடுவை, உக்குவளை என மலையடிவாரமெங்கும் லயங்கள் எழுந்தன.

கத்தோலிக்கத் திருச்சபை 1883 இல் கண்டியைக் கொழும்பிலிருந்து பிரித்துத் தனி ஆட்சிப்பரப்பாக்கி, சில்வெஸ்திரின் பெனடிக்ற் சபைக் குருக்களிடம் ஒப்படைத்தது. 1886 இல் அது கண்டி மறைமாவட்டமாயிற்று. இன்று அது கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களை உள்ளடக்கியது. மலைப்பாதையில் ஒருவரே பல தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருந்ததால், தோட்டத்துச் சிற்றாலயங்களில் பூசை மாதம் ஒருமுறை நடந்தாலே பெரிய காரியம். மற்ற ஞாயிறுகளில் செபமாலை சொல்ல மீண்டும் ஓர் அண்ணாவியார் தேவைப்பட்டார்.

அக்காலத்தில் ‘இளையோர் பணி’ என்ற சொல் வழக்கில் இல்லை. சபைகளே இருந்தன. கன்னியர் மடப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்கு நீல நாடாவில் பதக்கம் தொங்கும் ‘மரியாயின் பிள்ளைகள்’ சபை. 1921 இல் டப்ளினில் தொடங்கி உலகெங்கும் பரவிய மரியாயின் சேனை. ஆண் பிள்ளைகளுக்குப் பீடப்பணி, பாண்ட் வாத்தியம், 1833 இல் பாரிஸில் இருபது வயது மாணவர் பிரெடெரிக் ஓசானாம் நண்பர்களோடு தொடங்கிய வின்சன்ட் தே போல் சபை. இவற்றின் நோக்கம் பெரும்பாலும் காவல். வயது வந்த பிள்ளை வழிதவறாமல் காப்பதே முதல் வேலை; அந்தப் பிள்ளையின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது குறைவு. என்றாலும், வேறெங்கும் வெளியே விடப்படாத ஒரு பெண் பிள்ளைக்கு வாரம் ஒரு மணிநேரம் தன் வயதினரோடு உட்காரும் உரிமையை அச்சபைகள் கொடுத்தன. அதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

1960 கொண்டுவந்த மாற்றம்

1960 வரை கத்தோலிக்கப் பிள்ளையின் சமயக் கல்வி பெருமளவு பாடசாலைக்குள்ளேயே நடந்தது. காலைச் செபம், மறையறிவு, சபைகள் யாவும் ஒரே கூரையின் கீழ். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. நாட்டின் பல இடங்களில் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். சில கல்லூரிகள் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றுகொண்டன. மற்றவை கைமாறின.

இலவசக் கல்வியின் பயனை அனுபவித்து மருத்துவக் கல்லூரி வரை சென்ற நாங்கள் அந்த மாற்றத்தைக் குறைகூற முடியாது. அது வேறு மதத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் பல கதவுகளைத் திறந்தது. ஆனால் பங்குகளைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய கேள்வியை எழுப்பியது. நேற்றுவரை கன்னியரும் ஆசிரியர்களும் செய்த வேலையை இனி யார் செய்வது? ஞாயிறு மறைப்பள்ளியும் பங்கு இளையோர் ஒன்றியமும் இன்றைய வடிவத்தை எடுத்தது இந்தக் கேள்விக்கு விடையாகவே. சம்பளம் கிடையாது, பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடையாது, கோவில் விறாந்தையும் மாமரத்தடியுமே வகுப்பறை. தோட்டப் பாடசாலைகளின் நிலை வேறு. அவை எழுபதுகளில்தான் அரசின் கைக்கு வரத் தொடங்கின. அதுவரை ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டத்துப் பிள்ளைக்கு, ஞாயிற்றுக்கிழமை கோவில் எழுத்துப் பழகும் இன்னோர் இடமாகவும் இருந்தது.

இதே ஆண்டுகளில் இன்னொரு பிரிவும் நேர்ந்தது. தாய்மொழிக் கல்வி வலுப்பெற, சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் வெவ்வேறு பாடசாலைகளுக்குப் போனார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் இலத்தீன் பூசை போய், சிங்களப் பூசை ஒரு நேரத்திலும் தமிழ்ப் பூசை வேறொரு நேரத்திலும் நடக்கலாயிற்று. எனினும் கோவில் ஒன்றே. நத்தார் கரோல் குழுவுக்கும் பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதைக்கும் இரு மொழிப் பிள்ளைகளும் ஒன்றாகவே வரவேண்டியிருந்தது. மாத்தளை போன்ற ஊரில் பதினாறு வயதுத் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் சேர்ந்து ஒரு வேலையைத் திட்டமிட்ட இடங்கள் அதிகமில்லை. பங்கு இளையோர் ஒன்றியம் அவற்றுள் ஒன்று.

பார், சீர்தூக்கு, செயற்படு

பெல்ஜியத்தைச் சேர்ந்த யோசப் கார்டைன் என்ற குரு 1925 இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை ஆரம்பித்தார். தான் குருமடத்துக்குப் போனபோது தன்னோடு படித்தவர்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள் என்பதும், விடுமுறையில் ஊர் திரும்பிய தன்னை அவர்கள் அந்நியனாகப் பார்த்தார்கள் என்பதும் அவரை வாழ்நாளெல்லாம் உறுத்தின. அவர் வகுத்த முறை மிக எளியது. உன் இடத்தில் நடப்பதைப் பார். நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்கு. பிறகு கையால் ஏதாவது செய். இளம் தொழிலாளருக்கு இளம் தொழிலாளரே வழிகாட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1965 இல் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணி பற்றி வெளியிட்ட ஆணையும், இளையோரின் முதல் திருத்தூதர்கள் இளையோரே என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. மாணவர்களிடையே இதே முறையில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் இயங்கியது.

இம்முறை மலையகத்துக்கு வந்தபோது, ‘பார்’ என்ற முதற்படியிலேயே பிள்ளைகள் திகைத்து நின்றிருக்க வேண்டும். பார்ப்பதற்கு அவ்வளவு இருந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஓர் ஆண்டு கரோல் பாடிய பிள்ளை மறு ஆண்டு தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போயிருக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடே பிறந்த திகதிக்கு ஒரு துணைச் சான்றாக நின்றது. எஞ்சிய நாடற்றவர்களுக்கு வழிபிறந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் தேசியமயமாயின. 1973, 74 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் லயங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன.

1959 முதல் 1972 வரை கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, கோவில் சுவருக்கு வெளியே மக்கள் படும் பாடும் திருச்சபையின் அலுவலே என்று வற்புறுத்தியவர். பின்பு புதிய பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகச் சென்றார். இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972 இல் கண்டியில் தொடங்கிய ‘சத்தியோதயம்’, சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வாழ்ந்து, தோட்ட மக்களின் வாழ்வை ஆராய்ந்து, அவர்களுக்காகப் பேசும் மையமாயிற்று. இந்தச் சூழலில் வளர்ந்த இளையோருக்குச் செபக்கூட்டமும் சமூகக் கேள்வியும் இருவேறு விடயங்களாகத் தெரியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறார்கள், பிள்ளைமடுவத்தில் தண்ணீர் ஏன் இல்லை என்ற கேள்விகளும் செபத்தோடு சேர்ந்துகொண்டன. எல்லாப் பங்குத்தந்தையரும் இதை விரும்பினார்கள் என்றில்லை. பல பெற்றோரும் அஞ்சினார்கள்.

ஆபத்தான வயது

அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. இந்நாட்டில் இளையோராக இருப்பதே ஆபத்தாக இருந்த காலங்கள் உண்டு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் உயிரிழந்தோரில் மிகப் பலர் கிராமத்துச் சிங்கள இளையோர். 1977 இலும் 1983 இலும் வன்செயல் தமிழரைத் தாக்கியது. 1983 ஜூலையில் மாத்தளை நகரின் தமிழ்க் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோவிலும் தப்பவில்லை. 1987 முதல் 1989 வரையான பயங்கரத்தில் மீண்டும் சிங்கள இளையோர் காணாமற் போனார்கள். 2012 இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150 க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டபோது, அவை எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்கள் ஒன்றுபடவில்லை. ஊர்த் தாய்மாருக்கோ வீடு திரும்பாத தம் பிள்ளைகளின் நினைவுதான் வந்தது.

எங்கள் தலைமுறை பாடசாலைக்குப் போனது இதன் பிறகு, வடக்கில் போர் நடந்த காலத்தில். பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையன் அடையாள அட்டை இல்லாமல் பேரூந்தில் ஏற முடியாது. நாலு பேர் கூடிப் பேசினால் ஏன் கூடுகிறீர்கள் என்ற கேள்வி வரும். கோவில் வளவு அப்படிப்பட்ட காலத்தில் கூடிப்பேசக் கிடைத்த சில இடங்களில் ஒன்று. பக்கத்துப் பெஞ்சியில் சிங்களப் பிள்ளை இருந்ததால், செய்தியில் வந்த ‘அவர்கள்’ என்ற சொல்லுக்கு எங்களிடம் ஒரு முகமும் பெயரும் இருந்தன. போரை நிறுத்தும் வல்லமை ஓர் இளையோர் ஒன்றியத்துக்கு இல்லை. மனம் இறுகிவிடாமல் காக்கும் வல்லமை கொஞ்சம் இருந்தது.

1995 ஜனவரியில் மணிலாவில் உலக இளையோர் தினத்தை நடத்திய பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அந்தப் பயணத்திலேயே கொழும்புக்கு வந்து, 21 ஆம் திகதி காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். இருபது ஆண்டுகளின் பின் 2015 ஜனவரி 14 இல் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். முதல் நிகழ்வின்போது பதின்ம வயதில் இருந்த எங்களவர் இரண்டாம் நிகழ்வுக்குத் தம் பிள்ளைகளோடு போனார்கள்.

ஞாயிற்று ஆசிரியைகள்

இந்த வரலாற்றில் ஆயர்களின் பெயர் உண்டு. குருக்களின் பெயர் உண்டு. திருநாள் மலர்களில் ஒன்றியத் தலைவர்களின் படமும் உண்டு. ஆனால் மறைப்பள்ளியைத் தாங்கியவர்களின் பெயர் மிக அரிதாகவே எழுத்தில் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் பிள்ளைகள். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவர்கள், உயர்தரம் படித்தவர்கள், படிப்பு நின்றுபோய்க் கொழுந்து பறிக்கப் போனவர்கள். ஆறு நாள் மலையேறி, ஏழாம் நாள் காலையில் வெளுத்த பாவாடை சட்டை உடுத்து, இருபது சின்னப் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கிய அக்காமார் அவர்கள். பழைய அண்ணாவியாரின் வேலையை அவர்கள்தான் செய்தார்கள். அந்தப் பட்டம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றியங்களிலும் ஓர் எழுதப்படாத வழக்கம் இருந்தது. தலைவர் ஆண், செயலாளர் பெண். கூட்ட அறிக்கை எழுதுவது, கடிதம் எழுதுவது, ஒளிவிழாவுக்கு வரவு செலவு பார்ப்பது, வராதவர் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்பது எல்லாம் செயலாளர் வேலை. நன்றியுரை சொல்வதும் அவரே. இதில் ஒரு நன்மையும் விளைந்தது. கூட்டத்தில் எழுந்து பேசவும், கணக்கு ஒப்புவிக்கவும், பெரியவர்களிடம் மறுத்துச் சொல்லவும் அந்தப் பிள்ளைகள் பழகினார்கள். பின்னாளில் ஆசிரியைகளாக, தாதியராக, முன்பள்ளி நடத்துவோராக, தோட்டத்து மாதர் சங்கங்களில் முன்னிற்போராக வந்த பலருடைய முதல் மேடை இதுவே. வைத்தியசாலைக் கூட்டங்களில் இன்று பேச எழும்போது எங்கள் குரல் நடுங்காதிருப்பதற்கும் அதில் பங்குண்டு.

பெண் பிள்ளை பெரியவளானதும் வீட்டு வாசல் ஒடுங்கும் சமூகம் நமது. அந்த வாசலை வாரம் ஒருமுறை திறந்தது ஒரு சிறு வசனம்: ‘கோவிலுக்குத்தானே போகிறாள்.’ டியூசனுக்குக் காசு இல்லை. சினிமாவுக்கு அனுமதி இல்லை. தோழி வீட்டுக்குப் போனால் பேச்சு வரும். கோவிலுக்குப் போவதை மட்டும் எந்தத் தகப்பனும் தடுக்கவில்லை. அங்கே செபத்தோடு சேர்த்து உலகமும் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் அந்தத் திறப்பு நீண்ட காலம் நிற்பதில்லை. ஆண் பிள்ளை இருபத்தெட்டு வயதிலும் ‘இளைஞர்’. பெண் பிள்ளை திருமணம் பேசத் தொடங்கிய அன்றே, இருபது இருபத்தொரு வயதில், இளையோர் என்ற வகையிலிருந்து நீங்கிவிடுகிறாள். இளம் மனைவி, இளம் தாய், தனித்து வாழும் யுவதி ஆகியோருக்குப் பெரும்பாலான பங்குகளில் ஒரு கூட்டமும் இல்லை. மாதர் சபையில் தாய்மாரோடு போய் உட்காரவேண்டியதுதான்.

வைத்தியசாலையிலிருந்து பார்க்கும்போது

மருத்துவர் என்ற வகையில் இளையோர் பணியை நாங்கள் இன்னொரு கோணத்திலும் பார்க்கிறோம். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. கொடிய பூச்சிநாசினிகளின் இறக்குமதி படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதன் பலனாக, அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்வீதம் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கியது. ஒரு சட்டம் ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தது. ஆனால் சட்டம் நஞ்சைத்தான் எட்டாத உயரத்தில் வைத்தது. பரீட்சையில் தவறிய, காதலில் முறிந்த, வீட்டில் குடிகாரத் தகப்பனுக்கு அஞ்சிய பிள்ளையின் மனத்துயர் அப்படியே இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வரும் பதினேழு வயதுப் பிள்ளைகள் குறையவில்லை. உயிர் தப்பிய பின் அருகில் இருந்து கேட்டால், அவர்களில் அநேகர் தாம் சாக விரும்பவில்லை என்றும், சொல்ல ஒருவரும் இருக்கவில்லை என்றுமே சொல்கிறார்கள்.

சொல்ல ஒருவர் வேண்டும். தாயிடம் சொல்ல முடியாததைச் சொல்லத்தக்க, தாயின் வயதில்லாத, அடிக்காத, ஊருக்குப் பரப்பாத ஒருவர். 1974 இல் தொடங்கிய ‘சுமித்ரயோ’ போன்ற அமைப்புகள் செவிகொடுக்கின்றன. லயத்திலிருக்கும் பிள்ளைக்கு அதற்கும் முந்திய படியில் ஓர் அக்கா தேவை. மறைப்பள்ளி அக்காமார் தம்மையறியாமலே செய்த மருத்துவம் இதுதான். பாடம் முடிந்தபின் விறாந்தைப் படியில் இருந்து பேசிய பத்து நிமிடங்களில் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிப் போகும் மனம் பெற்றார்கள் என்பதற்கு எந்தப் புள்ளிவிபரமும் இல்லை. எங்களுக்கு அதில் ஐயமும் இல்லை. அந்த அக்காமாருக்குச் செவிகொடுக்கும் முறையில் ஒரு நாள் பயிற்சியும், ஆபத்தான அறிகுறியைக் கண்டால் யாரிடம் அனுப்புவது என்ற தெளிவும் கொடுத்தால், வைத்தியசாலை வாசலுக்கு வருமுன்னரே பலரைத் தடுத்து நிறுத்தலாம். இரகசியம் காப்பதும், பிள்ளைகளைத் துன்புறுத்துவோருக்கு இடங்கொடாதிருப்பதும் அந்தப் பயிற்சியின் முதல் பாடங்களாக வேண்டும்.

இன்று

இன்று ஞாயிற்றுக்கிழமைக் கோவிலில் வெள்ளை உடுத்த சிறுவரும் நரைத்த தலைகளும் நிறையத் தெரிகின்றன. நடுவில் ஓர் இடைவெளி. ஞாயிறு காலை டியூசனுக்குப் போய்விட்டது. உயர்தரம் முடித்த பையன் கொழும்புக் கடைக்கோ வெளிநாட்டுக்கோ போகிறான். கட்டுநாயக்க ஆடைத்தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண் பிள்ளை பண்டிகைக்கு வந்து போகிறாள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்து 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பின், கோவில் வாசலில் பைகளைச் சோதிக்கும் கடமையும் இளையோர் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டு கொரோனா கோவில்களையே மூடியது. 2022 இன் பொருளாதார நெருக்கடி எஞ்சியோரையும் கடவுச்சீட்டு வரிசைக்கு அனுப்பியது.

2018 இல் உரோமையில் இளையோர் பற்றிய ஆயர் மாமன்றம் கூடியது. 2019 மார்ச்சில் பாப்பரசர் பிரான்சிஸ் இளையோருக்கு ஒரு திருத்தூது ஊக்கவுரையையும் விடுத்தார். இளையோர் பேசுவதைத் திருச்சபை கேட்க வேண்டும் என்பதே அதன் சாரம். மாத்தளையின் முந்நூறு ஆண்டு அனுபவமும் அதையே சொல்கிறது. அண்ணாவியாரிடம் பொறுப்பு விட்டபோது விசுவாசம் நின்றது. எழுபதுகளில் கேள்வி கேட்க விட்டபோது பிள்ளைகள் வந்தார்கள். திருநாளுக்குக் கொடி கட்டவும் கதிரை அடுக்கவும் மட்டும் கூப்பிட்டபோது மெல்ல விலகிப் போனார்கள்.

இது கத்தோலிக்கரின் கவலை மட்டும் அல்ல என்பதை நமது தோழிகள் அறிவார்கள். அறநெறிப் பாடசாலை நடத்தும் கோவிலுக்கும், அஹதிய்யா நடத்தும் பள்ளிவாசலுக்கும், தஹம் பாசல் நடத்தும் விகாரைக்கும் இதே இடைவெளி தெரிகிறது. அங்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்போர் பெரும்பாலும் நமது பாடசாலையிலிருந்து போன பெண் பிள்ளைகளே. ஆதலால் பழைய மாணவிகள் சங்கம் செய்யத்தக்கவை என இரண்டு காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு. நம்மில் மருத்துவர், தாதியர், ஆசிரியைகள், சட்டத்தரணிகள், வங்கி ஊழியர், சுயதொழில் செய்வோர் இருக்கிறோம். நமது மாவட்டத்துக் கோவில், பள்ளிவாசல், விகாரை எதுவானாலும், அங்குள்ள பதினாறு முதல் இருபத்தைந்து வயதுப் பெண் பிள்ளைகளோடு இரண்டு மணிநேரம் இருப்போம். உபதேசம் வேண்டாம். அவர்களே கூட்டத்தை நடத்தட்டும். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்வோம். திருமணமானவர்களும் கைக்குழந்தையோடு வரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவோம்.

இரண்டாவது, பெயர்கள். 1960 க்குப் பின் மாத்தளை நகரிலும் தோட்டத்துச் சிற்றாலயங்களிலும் ஞாயிறு வகுப்புகளில் படிப்பித்த அக்காமாரை நேரில் அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் மூத்தோருக்கு எண்பது வயதை நெருங்குகிறது. யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டுகள், எத்தனை பிள்ளைகள் என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிச் சங்கத்துக்குத் தாருங்கள். சிலர் இந்தியாவுக்குப் போயிருப்பார்கள், சிலர் லயத்திலேயே இருப்பார்கள், சிலர் மறைந்திருப்பார்கள். நமது பாடசாலையின் நூற்றாண்டு வரலாற்றில் அவர்களும் ஆசிரியைகளே. அடுத்த மலரில் அவர்களுடைய பெயர்ப் பட்டியல் ஒரு முழுப் பக்கமாவது வரவேண்டும்.